டிராம் பாதையை நீட்டுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை? எடின்பரோவை வைத்து ஓர் எளிய விளக்கம்

"ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு மூன்றரை வருஷமா?"

எடின்பரோ டிராமைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஸ்காட்லாந்தின் தலைநகரான அந்த ஊரில் 2014 மே 31 அன்று புதிய டிராம் ஓடத் தொடங்கியது. விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே உள்ள யார்க் பிளேஸ் வரை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையை வடக்கே லீத் துறைமுகப் பகுதி வழியாக நியூஹேவன் வரை நீட்டும் வேலையை 2019 நவம்பரில் தொடங்கினார்கள். 2023 ஜூன் 7 அன்று அங்கே பயணிகள் வண்டி ஓடியது. நீட்டிய தூரம் 4.69 கிலோமீட்டர். ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 20.7 கோடி பவுண்டு. நடுவில் கோவிட் வந்து வேலை நின்றது உண்மைதான். அந்த மாதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கேள்வி அப்படியே நிற்கும். தண்டவாளத்தைப் போட்டு, மேலே கம்பியைக் கட்டி, வண்டியை விட வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் தவறில்லை. கண்ணுக்குத் தெரிவது தண்டவாளமும் கம்பியும்தான். ஆனால் டிராம் பாதை போடுவதில் தண்டவாளம் பதிப்பது சிறிய பகுதி. தெருவுக்கு அடியில் இன்னொரு நகரம் இருக்கிறது. அதை இடம் மாற்றுவதுதான் பெரிய பகுதி. அது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், டிராம் என்றால் என்ன?

சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. அதில் ஏறியவர்கள் இன்று மிகச் சிலரே. அதனால் டிராம் என்றதும் நம் மனதில் வருவது கொல்கத்தாவின் பழைய வண்டி, அல்லது கறுப்பு வெள்ளைப் புகைப்படம். எடின்பரோவில் இப்போது ஓடுவது அந்த வகை இல்லை. ஏழு பெட்டிகளை மடிப்பு மடிப்பாக இணைத்தது போன்ற ஒரே வண்டி. நீளம் 42.8 மீட்டர். அதாவது நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். 250 பேர் ஏறலாம். தரை நடைமேடையின் மட்டத்திலேயே இருப்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நேராக உள்ளே போய்விடும்.

ரப்பர் டயருக்கும் இரும்புச் சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு எளிதாகப் புரியும். டயரில் காற்று குறைந்தால் மிதிக்க மிதிக்க வண்டி நகராது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதற்கே நம் பலம் போய்விடுகிறது. காற்றை நன்றாக அடித்துவிட்டால் அதே சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும். தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரம் கிட்டத்தட்ட நசுங்கவே நசுங்காது. அதனால்தான் அவ்வளவு கனமான வண்டியைக் குறைந்த மின்சாரத்தில் ஓட்ட முடிகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. பிடிமானம் குறைவு. மழை பெய்து தண்டவாளத்தில் இலைச்சருகு ஒட்டிக்கொண்டால், வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் ஏற்பாடு டிராமில் இருப்பது அதற்காகத்தான்.

இன்னொரு வித்தியாசம் தண்டவாளத்தில் இருக்கிறது. ரயில் தண்டவாளம் ஜல்லிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தெருவில் அப்படி இருந்தால் யாரும் நடக்க முடியாது. அதனால் டிராம் தண்டவாளத்தைச் சாலை மட்டத்துக்குப் புதைத்துவிடுவார்கள். சக்கரத்தின் விளிம்பு போவதற்கு மட்டும் ஒரு குறுகிய பள்ளம் திறந்திருக்கும். காரும் பஸ்ஸும் அதன் மேலேயே போகலாம். சைக்கிள்காரர்கள் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டயர் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் விழுவது நிச்சயம். முடிந்த அளவு நேர்குறுக்காகக் கடப்பதுதான் பாதுகாப்பு. புதிதாக அந்த ஊருக்குப் போய் வாடகை சைக்கிள் எடுக்க நினைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இதுவரை பார்த்தது: டிராம் என்பது தெருவிலேயே ஓடும் ரயில். நிறையப் பேரைக் குறைந்த சக்தியில் ஏற்றிப் போகும். ஆனால் பஸ்ஸைப் போல ஒதுங்கவோ சுற்றிப் போகவோ அதனால் முடியாது. இந்தக் கடைசிக் குணத்திலிருந்துதான் மற்ற எல்லாச் சிக்கலும் பிறக்கிறது.

குடியிருக்கும் வீட்டில் தரையைப் பெயர்ப்பது

காலி வீட்டில் டைல்ஸ் போடுவது நான்கு நாள் வேலை. ஆள் குடியிருக்கும் வீட்டில் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். ஓர் அறையை ஒழித்து, சாமானை அடுத்த அறையில் அடுக்கி, சமையலை வராந்தாவுக்கு மாற்றி, பழைய தரையைப் பெயர்த்தால் அடியில் ஒரு குழாய் தெரியும். அது எங்கிருந்து எங்கே போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தா காலத்தில் போட்டது. அதில் தண்ணீர் ஓடுகிறதா, செத்துப்போன குழாயா? பிளம்பர் வந்து பார்க்கும்வரை கொத்தனார் உட்கார்ந்திருப்பார். கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

எடின்பரோ போன்ற பழைய நகரத்தின் தெரு அப்படிப்பட்ட வீடுதான். தண்ணீர்க் குழாய், சாக்கடை, கேஸ் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கம்பி, இணைய ஃபைபர் என்று எல்லாம் அடியில் பின்னிக்கிடக்கும். இவை அனைத்தையும் சேர்த்து இந்தக் கட்டுரையில் நிலத்தடி இணைப்புகள் என்று சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்துக்குச் சொந்தம், ஒவ்வொரு காலத்தில் போட்டது. வரைபடம் இருக்கும். ஆனால் வரைபடத்தில் உள்ள குழாய் மண்ணில் அதே இடத்தில் இருக்காது. மண்ணில் உள்ள சில குழாய்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது.

சரி, அவை அடியிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே, மேலே தண்டவாளம் போட்டால் என்ன என்று கேட்கலாம். முக்கியமான காரணம் பழுதுபார்ப்பு. தண்ணீர்க் குழாய் உடைந்தால் தெருவைத் தோண்ட வேண்டும். அந்த இரண்டு நாளும் பஸ் பக்கத்துத் தெரு வழியாகப் போய்விடும். டிராம் போகாது, முழுப் பாதையும் அங்கேயே துண்டாகிவிடும். அதனால் யார் எப்போது தோண்டினாலும் டிராமைத் தொடாதபடி, குழாய்களை எல்லாம் தண்டவாளத்துக்கு வெளியே முன்கூட்டியே நகர்த்திவிடுகிறார்கள். தண்டவாளம் உட்காருவது கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் தளத்தில் என்பதும் ஒரு காரணம். அதற்குத் தட அடித்தளம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்துக்கு இடம் வேண்டும். பழைய குழாய் மேலே அதை ஊற்றினால், குழாயை அதற்கப்புறம் யாரும் தொடவே முடியாது.

மூன்றாவது காரணம் மின்சாரம். அதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மின்சாரம் போகிறது, திரும்பியும் வருகிறது

டார்ச் லைட்டில் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்புக்கு ஒரு வழி, பல்பிலிருந்து மறுமுனைக்கு இன்னொரு வழி. இரண்டில் ஒன்று அறுந்தால் விளக்கு எரியாது. டிராமும் அப்படித்தான். மேலே ஒரு கம்பி மட்டும் தெரிகிறது, அப்படியானால் திரும்பும் வழி எங்கே? காலுக்கு அடியில். மேல்கம்பியிலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் வண்டியின் கூரைக்கு வந்து, மோட்டாரைச் சுழற்றி, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, தண்டவாளத்திலேயே ஓடித் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. நகர மின்சாரத்தை வாங்கி டிராமுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறிய கட்டடம்தான் துணைமின் நிலையம். பாதை நெடுக ஆங்காங்கே இவை தேவை. தூரம் கூடக் கூட மின்னழுத்தம் குறையும், கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வருவதுபோல. ஆகவே பாதையை நீட்டினால் மின்நிலையங்களும் கூடவே நீள வேண்டும்.

தண்டவாளத்தில் திரும்பி வரும் மின்சாரம் முழுவதும் தண்டவாளத்திலேயே நிற்காது. கொஞ்சம் மண்ணில் இறங்கப் பார்க்கும். ஈர மண்ணில் அருகே ஓர் இரும்புக் குழாய் இருந்தால் அதற்கு அதுவே நல்ல வழி. குழாயில் ஏறி, கொஞ்ச தூரம் போய், துணைமின் நிலையத்தை நெருங்கும் இடத்தில் குழாயை விட்டு வெளியேறும். வெளியேறும் இடத்தில் இரும்பைத் துளித்துளியாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். இதுதான் கசிவு மின்சாரம். வருஷக்கணக்கில் கசிந்தால் குழாயில் ஓட்டை விழும். இதைத் தடுக்கத்தான் தண்டவாளத்துக்கு ரப்பர் உறை போட்டு, மண்ணோடு தொடாதபடி புதைக்கிறார்கள். உலோகக் குழாய்களைத் தள்ளிப் போடுவதும் இதற்காகத்தான்.

இதுவரை பார்த்தது: குழாய்களை நகர்த்துவது அழகுக்காகவோ வசதிக்காகவோ அல்ல. நகர்த்தாவிட்டால் குழாய் உடையும்போது டிராம் நிற்கும். டிராம் ஓடும்போது குழாய் அரிக்கும்.

எடின்பரோவில் நடந்தது

இப்போது கதைக்கு வருவோம். முதலில் போட்ட திட்டத்திலேயே நியூஹேவன் இருந்தது. 2008இல் கட்டுமான ஒப்பந்தம் போட்டபோது விமான நிலையத்திலிருந்து லீத் வழியாக நியூஹேவன் வரை 54.5 கோடி பவுண்டில், 2011இல் முடிப்பது என்று கணக்கு. அதற்கு முன்பே, 2007இல் தெருக்களைத் தோண்டிக் குழாய்களை நகர்த்தத் தொடங்கிவிட்டார்கள். நினைத்ததைவிட அடியில் சிக்கல் அதிகம். குழாய் நகர்த்தும் வேலை தாமதமாக, தண்டவாளம் போடும் வேலை காத்துக் கிடந்தது. தாமதத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று திட்டத்தை நடத்திய மாநகராட்சியின் நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் இடையே தகராறு முற்றியது. நகரின் முகமான பிரின்சஸ் தெருவில் போட்டு முடித்த பாதையில் தண்டவாளத்தை ஒட்டிய தார் விரிசல்விட்டு, 2011இல் அதைப் பெயர்த்து மறுபடி போட வேண்டியதாயிற்று. கடைசியில் பாதையைப் பாதியிலேயே யார்க் பிளேஸில் வெட்டினார்கள். செலவு 77.6 கோடி பவுண்டு, தாமதம் மூன்று வருஷம்.

என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி லார்டு ஹார்டி தலைமையில் 2014இல் ஒரு விசாரணை அமைத்தார்கள். அதன் அறிக்கை 2023 செப்டம்பரில் வந்தது. திட்டத்தை நடத்திய நிறுவனம், மாநகராட்சி, ஸ்காட்லாந்து அமைச்சர்கள் என மூன்று தரப்பையும் அது குறை சொன்னது. அறிக்கை வருவதற்குள், நீட்டிப்பு வேலை தொடங்கி முடிந்து வண்டியே ஓடிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் மனதில் தங்குவது லீத் வாக் என்ற தெரு. நகர மையத்திலிருந்து லீத்துக்கு இறங்கும் அகலமான நெடுந்தெரு அது. இருபுறமும் சின்னச் சின்னக் கடைகள், மேலே நான்கு மாடி வரை குடியிருப்புகள். ஸ்காட்லாந்திலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. 2007 முதல் அந்தத் தெருவைத் தோண்டினார்கள், கடைகள் வியாபாரம் இழந்தன, பள்ளத்தை மூடினார்கள், டிராம் வரவில்லை. அதே தெருவை 2019இல் மறுபடி தோண்ட வேண்டும் என்றபோது மக்கள் எதிர்த்ததில் என்ன ஆச்சரியம்? "டிராம் வேண்டாம்" என்று சொன்னவர்களைப் பிற்போக்கானவர்கள் என்று சிலர் எழுதினார்கள். அது நியாயமில்லை. அவர்கள் ஒருமுறை விலை கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் திரும்பியவர்கள்.

இரண்டாம் முறை வேலை செய்தவர்கள் முறையை மாற்றினார்கள். முதல் முறையில் குழாய்க்காரர்கள் வந்து தோண்டி மூடுவார்கள். அப்புறம் தண்டவாளக்காரர்கள் வந்து அதே இடத்தை மறுபடி தோண்டுவார்கள். இம்முறை ஒரு பகுதியை மொத்தமாக அடைத்து, ஒரே முறை தோண்டி, குழாயை நகர்த்தி, தளம் ஊற்றி, தண்டவாளம் பதித்து, நடைபாதையையும் முடித்துவிட்டுத்தான் திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். எதிர்பாராத குழாய் வந்தாலும் ஆட்கள் பக்கத்துத் துண்டில் வேலையைத் தொடரலாம். அதன் மறுபக்கம், ஒரு கடையின் வாசல் தொடர்ந்து நீண்ட காலம் அடைபட்டிருக்கும். பல முறை சின்னதாக வலிப்பதா, ஒரே முறை பெரிதாக வலிப்பதா என்பதுதான் தேர்வு. வீட்டு வேலை பார்த்தவர்கள் எதைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடியில் இருந்தது குழாய்கள் மட்டும் இல்லை. லீத்தின் கான்ஸ்டிடியூஷன் தெருவில் தெற்கு லீத் தேவாலயத்தை ஒட்டிய இடத்தில், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, எலும்புக்கூடுகள் வந்தன. பழைய காலத்தில் அந்தக் கல்லறைத் தோட்டம் இன்றைய தெருவுக்கு அடியிலும் பரவியிருந்தது. முதல் திட்டத்தின்போதே, 2009இல், அங்கே ஏறத்தாழ 400 பேரின் எச்சங்களை எடுத்திருந்தார்கள். 2019-20இல் மேலும் 360க்கு மேற்பட்டவர்கள். 1300க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கே வாழ்ந்து இறந்தவர்கள். தொல்லியல் ஆய்வாளர்கள் தூரிகையால் மண்ணை நீக்கி ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்தார்கள். சில மண்டையோடுகளை வைத்து அவர்களின் முகத்தைக்கூட வரைந்து பார்த்தார்கள். இதையெல்லாம் "தாமதம்" என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு தெருவின் எழுநூறு வருஷத்து மனிதர்களை ஜேசிபி வைத்து வாரிக்கொட்ட முடியுமா?

வண்டிகள் எத்தனை வேண்டும்?

பாதையை நீட்டினால் இருக்கும் வண்டிகளே கொஞ்சம் தள்ளிப் போய் வரட்டும் என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும்வரை உள்ள நேரத்தை இடைவெளி நேரம் என்போம். எடின்பரோவில் பகல் நேரத்தில் அது ஏறத்தாழ 7 நிமிடம்.

கணக்கு எளிது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போய் வர 80. டிராமைத் திருப்ப வேண்டியதில்லை, இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறுவார். அதற்கு இரு பக்கமும் மூன்று மூன்று நிமிடம். ஆக 86 நிமிடம். 7ஆல் வகுத்தால் 12க்கு மேல் வரும், எனவே 13 வண்டிகள் வேண்டும். இப்போது பாதையை நீட்டி ஒரு வழிப் பயணத்தை ஒரு மணி நேரமாக்குங்கள். 120உடன் 6 சேர்த்து 126 நிமிடம், 18 வண்டிகள். வண்டிகளைக் கூட்டாமல் 13ஐயே வைத்து ஓட்டினால் இடைவெளி கிட்டத்தட்ட 10 நிமிடமாகிவிடும். புதிய பகுதிக்கு டிராம் வந்தது, பழைய பகுதிக்குச் சேவை குறைந்தது என்றாகும். கூடுதல் வண்டி வாங்கினாலும் அதை இரவில் நிறுத்தவும் கழுவவும் பழுதுபார்க்கவும் டிப்போவில் இடம் வேண்டும்.

இந்த விஷயத்தில் எடின்பரோவுக்கு விநோதமான ஓர் அதிர்ஷ்டம். முழுப் பாதைக்கும் போதுமான 27 வண்டிகளை ஸ்பெயினின் காஃப் நிறுவனத்திடம் முதலிலேயே வாங்கிவிட்டார்கள். பாதை பாதியில் நின்றபோது பெரிய வீட்டுக்கென்று வாங்கிய சாமான்கள் சின்ன வீட்டில் கிடப்பதுபோல வண்டிகள் மிஞ்சின. சிலவற்றை லண்டன் கிராய்டனில் ஓடும் டிராமுக்கு வாடகைக்குத் தரக்கூட முயன்றார்கள், கைகூடவில்லை. அன்று வீண் என்று பேசப்பட்ட அந்த வண்டிகள்தான் 2023இல் நியூஹேவனுக்கு ஓடின. நீட்டிப்புக்கென்று ஒரு வண்டிகூட வாங்கவில்லை. கோகரில் உள்ள டிப்போவையும் பெரிதாக்க வேண்டிவரவில்லை.

கிலோமீட்டர் கணக்கு ஏன் ஏமாற்றும்?

இப்போது ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். முதல் பாதை 14 கிலோமீட்டருக்கு 77.6 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு ஐந்தரைக் கோடி பவுண்டு. நீட்டிப்பு 4.69 கிலோமீட்டருக்கு 20.7 கோடி, அதாவது நான்கரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. "பார்த்தீர்களா, இரண்டாம் முறை மலிவு" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. முதல் கணக்கில் 27 வண்டிகளும் டிப்போவும் அடங்கும். லீத் வாக்கில் அன்று நகர்த்திய குழாய்களின் செலவும் அதில்தான் இருக்கிறது. இரண்டாம் கணக்கு அவற்றின் மேல் நின்றுகொண்டிருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் பாதையில் விமான நிலையத்திலிருந்து ஹேமார்க்கெட் வரை பெரும்பகுதி தெருவில் ஓடாது. தனி வழியில், சில இடங்களில் ரயில் பாதையை ஒட்டியே போகும். அங்கே அடியில் குழாய்க் குவியல் குறைவு. நீட்டிப்போ முழுக்க நெருக்கமான நகரத்துக்குள். ஆகவே இரண்டையும் கிலோமீட்டரால் வகுத்து ஒப்பிடுவது, வயல்காட்டில் ஒரு வீட்டையும் கோயில் தெருவில் ஒரு வீட்டையும் சதுர அடியை மட்டும் வைத்து விலை பேசுவது போல. வேறு நகரத்தோடு ஒப்பிடும்போது இது இன்னும் மோசமாகும். எந்த நகரத்தின் டிராம் செலவைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது: வண்டிகள் அதில் சேர்த்தியா, டிப்போ சேர்த்தியா, தெருவா தனிவழியா?

ஒரே வண்டியில் போவதன் அருமை

லீத்துக்கு டிராம் புதிதல்ல. எடின்பரோவின் பழைய டிராம்கள் 1956 நவம்பர் 16 வரை ஓடின. அதற்கும் முன்னால் நடந்த ஒரு கதையைச் சொன்னால் பாதைகளை இணைப்பது ஏன் முக்கியம் என்று விளங்கும்.

அப்போது லீத் தனி நகராட்சி. 1905இலிருந்து அங்கே மின்சார டிராம். எடின்பரோவில் ஓடியதோ கேபிள் டிராம். தெருவுக்கு அடியில் ஒரு கால்வாயில் இரும்புக் கயிறு இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள வண்டி ஒரு பிடியால் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நகரும், விட்டுவிட்டால் நிற்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எனவே இரு ஊர்களின் எல்லையான பில்ரிக்கில் எல்லோரும் மழையோ குளிரோ இறங்கி, அந்தப் பக்க வண்டியில் ஏற வேண்டும். "பில்ரிக் குழப்பம்" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. 1920இல் லீத்தை எடின்பரோவோடு இணைத்த பிறகு, கேபிளைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறியதும் 1922இல்தான் அது தீர்ந்தது. இப்போதைய நீட்டிப்புக்காகத் தோண்டியபோது அந்தக் கேபிளைச் சுற்றிய பெரிய இரும்புச் சக்கரங்கள் மண்ணிலிருந்து வந்தன. அவற்றை லீத் வாக்கிலேயே ஐயோனா தெரு முனையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை இறங்கி ஏறச் சொன்னாலே பலர் அந்தப் பயணத்தை விட்டுவிடுவார்கள். 2014இல் யார்க் பிளேஸில் நின்ற பாதை ஒருவகையில் இன்னொரு பில்ரிக் குழப்பம்தான். லீத்காரர் பஸ்ஸில் வந்து இறங்கி டிராம் ஏற வேண்டும். நீட்டிப்பு திறந்த பின் பயணிகள் எண்ணிக்கை துள்ளியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கோவிடுக்கு முந்தைய 2019இல் ஆண்டுக்குச் சுமார் 75 லட்சம் பயணங்கள். 2024இல் ஏறத்தாழ 1.2 கோடி.

அடுத்த கிளை

இதுவரை எடின்பரோவில் இருப்பது ஒரே கோடு. வலை என்று சொல்ல வேண்டுமானால் இன்னொரு கோடு அதை வெட்ட வேண்டும். வடக்கே கடலோரக் கிரான்டனிலிருந்து தெற்கே பெரிய மருத்துவமனை இருக்கும் பகுதி வரை ஒரு பாதையை மாநகராட்சி ஆராய்ந்து வருகிறது. 2025இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். விவாதம் சூடானது வடக்குப் பகுதியில்தான். ரோஸ்பர்ன் பாதை என்பது பழைய ரயில் தடம். இன்று மரங்கள் அடர்ந்து, மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பயன்படுத்தும் அமைதியான வழி. அதில் டிராம் போட்டால் தெருவைத் தோண்ட வேண்டாம், வேகமாகவும் போகும். ஆனால் மரங்களும் அந்த அமைதியும் போகும். இன்னொரு வழி ஆர்ச்சர்ட் பிரே தெரு வழியாக. அங்கே மறுபடி குழாய்கள், மறுபடி கடைவாசல்கள்.

இதுவரை படித்தவர்களுக்கு இந்தச் சண்டையின் இரு பக்கமும் இப்போது புரியும். என் மனம் தெருவின் பக்கமே சாய்கிறது. வேலை கடினம் என்றாலும் மக்கள் வாழும் இடத்துக்கு வண்டி வரும், அந்தப் பச்சை வழியும் பிழைக்கும். வேறு முடிவுக்கு வருபவர்களிடமும் நல்ல காரணங்கள் உண்டு.

ஏறிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

விமான நிலையத்தில் இறங்கியவுடன் ஏறினால் முழுப் பாதையையும் ஒரே மூச்சில் பார்க்கலாம். வண்டியில் ஏறுமுன் டிக்கெட் வாங்கிவிடுங்கள். விமான நிலைய நிறுத்தத்துக்குக் கட்டணம் தனி, மற்ற நிறுத்தங்களுக்குக் குறைவு. ஊருக்குள் சுற்றுவதற்கு நாள் டிக்கெட் வசதி.

இடது வலது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தனி வழியில் வண்டி சீறிப் போகும். ஹேமார்க்கெட்டைத் தாண்டித் தெருவுக்குள் வந்ததும் மணியடித்துக்கொண்டு நிதானமாகும். பிரின்சஸ் தெருவில் வலப்பக்கம் பாறை மேல் கோட்டை தெரியும். பழைய யார்க் பிளேஸ் நிறுத்தம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாகப் பிக்கார்டி பிளேஸ். அங்கிருந்து தண்டவாளம் புதியது. லீத் வாக்கில் இறங்கி நடந்தால் அந்தக் கேபிள் சக்கரங்களைப் பார்க்கலாம். தெரு முடியும் இடத்தில் விக்டோரியா அரசியின் சிலை நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டினால் கான்ஸ்டிடியூஷன் தெரு குறுகலாக வரும். அந்தக் கல்லறைகள் இருந்த இடத்தின் மேல் வண்டி மெதுவாக ஊர்ந்து போகும்.

கடைசி நிறுத்தம் நியூஹேவன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் நான்காம் ஜேம்ஸ் மன்னர் தன் பெரிய போர்க்கப்பலைக் கட்டுவதற்காக உருவாக்கிய ஊர், பிறகு மீனவர் ஊரானது. தண்டவாளம் அங்கே முடிகிறது. ஓட்டுநர் தன் பையை எடுத்துக்கொண்டு வண்டியின் மறுமுனைக்கு நடந்து வருவார். நீங்கள் இறங்கித் துறைமுகம் வரை நடந்து, அந்தச் சின்ன வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வண்டி போயிருந்தாலும் அடுத்தது ஏழு நிமிடத்தில்.